உஷார்! உங்கள் எஸ்எஸ்டியில் மெட்டாடேட்டா ஒற்றைப் பிரதியா?

லினக்ஸ் லேப்டாப்பில் பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்களே, அதிலும் டிஸ்க் முழுவதையும் லக்ஸ் என்கிரிப்ஷன் போட்டுப் பூட்டியிருப்பவர்களே, இன்றைக்கே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். டெர்மினலைத் திறந்து, ரூட் பார்ட்டிஷன் மீது ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் டிஎஃப்’ கட்டளையை ஓட்டுங்கள். மெட்டாடேட்டா என்ற வரியில் ‘டூப்’ என்றிருந்தால் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ‘சிங்கிள்’ என்றிருந்தால், எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்ற கணக்கு மொத்தமும் ஒரே பிரதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

‘நான் எதையும் மாற்றவே இல்லையே’ என்பீர்கள். சிக்கலே அதுதான். 2021 நவம்பரில் பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் கருவித்தொகுப்பின் 5.15ஆம் பதிப்பு வரும்வரை, ஃபார்மேட் செய்யும் கருவி சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மெட்டாடேட்டாவுக்கு இரண்டு பிரதி போடும். எஸ்எஸ்டி என்று கண்டால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். ஃபெடோரா டெஸ்க்டாப் பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாறியது 2020 அக்டோபரில், 33ஆம் பதிப்பில். அன்று எஸ்எஸ்டியில் நிறுவியவர்கள் அதன்பின் எத்தனை அப்கிரேடு செய்திருந்தாலும், ஃபார்மேட் செய்த நாளில் அமைந்த ஒற்றைப் பிரதி அப்படியேதான் இருக்கும். அப்கிரேடு அதைத் தொடுவதில்லை.

அந்தப் பழைய முடிவுக்குக் காரணம் இருந்தது. சில எஸ்எஸ்டி கன்ட்ரோலர்கள் ஒரே மாதிரியான இரண்டு பிரதிகளைக் கண்டால் உள்ளுக்குள் ஒன்றாக்கிவிடும். அப்படி ஆக்காவிட்டாலும், அடுத்தடுத்து எழுதப்படும் இரண்டும் ஒரே ஃபிளாஷ் பிளாக்கில் போய் விழலாம். வீட்டுப் பத்திரத்தையும் அதன் நகலையும் ஒரே பெட்டியில் வைப்பது போல. ஆனால் பூட்டிய டிஸ்கில் முதல் காரணம் செல்லாது. லக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்டிஎஸ் முறையில் செக்டார் எண்ணும் கணக்கில் சேர்வதால், ஒரே மெட்டாடேட்டா இரண்டு இடங்களில் இரண்டு வேறு குப்பையாகத்தான் கன்ட்ரோலருக்குத் தெரியும். அதை ஒன்றாக்க வழியே இல்லை. இரண்டாவது அபாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்காக இரண்டாம் பிரதியே வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்கிரிப்ஷன் சேதத்தைப் பெரிதாக்கவும் செய்கிறது. டிஸ்கில் ஒரே ஒரு பிட் புரண்டால், பூட்டைத் திறக்கும்போது 16 பைட்டுகள் சேர்ந்து சிதைந்துபோகும். பிடிஆர்எஃப்எஸ்ஸின் செக்சம் அதைப் பிடித்துவிடும். ஆனால் பிடித்து என்ன பயன்? டூப் இருந்தால் நல்ல பிரதியை எடுத்துக் கெட்டதைத் திருத்திக்கொள்ளும். சிங்கிளில் திருத்த எதுவுமில்லை. பழுது மெட்டாடேட்டா மரத்தின் மேல்மட்டத்தில் விழுந்தால் டிஸ்க் மவுன்ட் ஆகாமலே போகலாம். குழந்தையின் படங்கள், ஆய்வேடு எல்லாம் உள்ளே முழுசாகவே இருக்கும். போய்ச்சேர வழிதான் இருக்காது.

தீர்வு ஒரே கட்டளை: ‘பிடிஆர்எஃப்எஸ் பேலன்ஸ் ஸ்டார்ட்’ என்பதோடு எம்கன்வர்ட்டுக்கு டூப் என்று மதிப்புக் கொடுங்கள். டிகன்வர்ட் என்று மாற்றி அடித்துவிடாதீர்கள். அது டேட்டாவை இரட்டிக்கும் வேலை, இடம் போய்விடும். தொடங்குமுன் பேக்கப் எடுங்கள், சார்ஜரைச் செருகுங்கள், எதற்கும் ஒதுக்கப்படாத இடம் சில ஜிபியாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தபின் முதல் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். டூப் வரியோடு மெட்டாடேட்டா சிங்கிள் என்றொரு வரியும் ஒட்டிக்கொண்டிருந்தால் மாற்றம் பாதியில் நிற்கிறது. மாற்றம் முழுமையானபின், செக்சம்களைச் சரிபார்க்கும் ஸ்கிரப் ஒன்று ஓட்டிவிடுங்கள்.

டூப் உங்கள் ஃபைல்களுக்கான பேக்கப் அல்ல. ரேமிலேயே பிழை நேர்ந்தால் இரண்டு பிரதியும் பிழையாகவே எழுதப்படும். டிஸ்கே செத்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

லக்ஸ் ஹெடர் இன்னும் மோசமான இடம். சாவி இருக்கும் அந்தப் பகுதி சிதைந்தால், பாஸ்பிரேஸ் நினைவிருந்தும் ஒரு பைட்கூட மீளாது. கிரிப்ட்செட்டப்பின் லக்ஸ்ஹெடர்பேக்கப் கொண்டு ஒரு நகல் எடுத்து, வேறொரு டிஸ்கில் பத்திரமாக வையுங்கள். பின்னால் பாஸ்பிரேஸை மாற்றினால் புதிய நகல் எடுத்துக்கொண்டு பழையதை அழித்துவிடுங்கள். பழைய நகல் யார் கையிலாவது கிடைத்தால், பழைய பாஸ்பிரேஸை வைத்தே உங்கள் டிஸ்கைத் திறந்துவிட முடியும்.