சுமையே போடும் பிரேக்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண்களைப் பார்க்கலாம். பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் நின்றவை. வாங்க வருபவர் கடைசல் வேலையைப் பார்ப்பார், மெருகைத் தடவுவார். எப்படி இறக்கினார்கள் என்று கேட்பதில்லை. 30 செ.மீ. விட்டமும் 4 மீட்டர் உயரமும் உள்ள தேக்குத் தூண் 180 கிலோ இருக்கும். அதுவே கருங்கல் என்றால் முக்கால் டன்.

வளவுக்குள் கிரேன் நுழையாது. அங்கே கைகொடுப்பது முக்காலியில் தொங்கும் செயின் பிளாக்தான். ஒரு டன் பிளாக்கில் முழுச் சுமையையும் ஏற்ற, சுமார் 30 கிலோ இழுப்பு போதும். விசையில் மிச்சமானது தூரத்தில் செலவாகும்: சுமை ஒரு மீட்டர் ஏற, கைச்சங்கிலியை 30 மீட்டருக்கு மேல் இழுத்தாக வேண்டும்.

கையை எடுத்துவிட்டால்? கிணற்றுக் கப்பியில் வாளி உள்ளே போய்விடும். இங்கே சுமை அந்தரத்தில் அப்படியே நிற்கும். 1854-இல் தாமஸ் வெஸ்டன் உருவாக்கிய கப்பியில் இதைச் செய்தது உராய்வு. இழுப்பவர் தரும் ஆற்றலில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். அதை மீறிச் சுமையால் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது. திறன் குறைவுதான் அந்தக் கப்பியின் பாதுகாப்பு!

பின்னர் பல்சக்கரங்கள் வந்தன, உராய்வு குறைந்தது, தனி பிரேக் தேவைப்பட்டது. அதற்கும் வெஸ்டன் பெயர்தான். சுமை கீழே இழுக்க இழுக்க, உள்ளிருக்கும் திருகு இறுகி உராய்வுத் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும். சுமை கூடினால் பிடியும் கூடும். தூக்கும்போது கேட்கிற 'டிக் டிக்', பின்னோட்டத்தைத் தடுக்கும் பற்களின் சத்தம். சங்கிலிக்கு எண்ணெய் போடலாம். இந்தத் தட்டுகளில் பட்டால் பிடி வழுக்கும்.

பிளாக் பிடித்தாலும் கட்டு கைவிடலாம். கொக்கியிலிருந்து இரண்டாகப் பிரிந்து இறங்கும் கயிறு தரைமட்டத்துக்கு 60 பாகையில் இருந்தால், ஒவ்வொரு பிரிவும் சுமையில் 58 சதவீத இழுவிசையைத் தாங்கும். 30 பாகைக்குத் தாழ்ந்தால், ஒவ்வொன்றின் மேலும் முழுச் சுமைக்குச் சமமான இழுவிசை.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தூக்குக் கருவிகளை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்றது. பிரிக்கிற வீடு தொழிற்சாலை அல்லவே! ஆகவே, வீட்டைப் பிரிக்கக் கொடுப்பவர்களே, மேஸ்திரியிடம் கேளுங்கள்: பிளாக்கின் தகட்டில் எத்தனை டன் போட்டிருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள்? தூண் தொங்கும்போது அதன் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.