ஏழு அங்குல ஆகாயம்

மலிவுக் கணினியின் கதை – 6

2011 அக்டோபர் 5. டெல்லியில் ஒரு மேடை. மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் சிலேட்டு மாதிரி ஒரு கருவியைத் தூக்கிக் காட்டினார். ஏழு அங்குலத் திரை, சுமார் 350 கிராம் எடை, பெயர் ஆகாஷ். உலகிலேயே மிக மலிவான டேப்லெட் என்று அறிமுகமான அதை அன்றே 500 மாணவர்கள் கையில் வாங்கினார்கள். அரசுக்கு அது அடங்கிய விலை ஏறக்குறைய 2,250 ரூபாய். மானியம் போக மாணவர்களுக்குப் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று சொன்னார்கள். அதே தேதியில் கலிஃபோர்னியாவில் ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானார்.

ஜாப்ஸின் ஐபேட் கடைக்கு வந்து அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அதன் தொடக்க விலை 499 டாலர். ஆகாஷ் 50 டாலர். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே அநியாயம் என்று தோன்றும். ஆனால் முதல் ஐபேடையும் முதல் ஆகாஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விவரப் பட்டியலைப் படித்தால் ஓர் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். இரண்டிலும் ராம் 256 எம்.பி.தான்.

பத்து மடங்கு விலை வித்தியாசம் அப்படியானால் எங்கே போயிற்று? எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு டேப்லெட்டைச் சுற்றி நடந்த வாதம் இந்த வாரக் கதை.

முதல் ஐபேடில் கேமரா கிடையாது. யு.எஸ்.பி. துளை கிடையாது. மெமரி கார்டு செருக இடம் கிடையாது. அது வெளியானபோது கிடைத்த வசவுகளில் பெரும்பகுதி இந்த ‘கிடையாது’களுக்காகத்தான். ஆப்பிள் தன் பணத்தை வேறு இடத்தில் போட்டிருந்தது: விரல் பட்டதும் நகரும் கண்ணாடித் திரை, ஒரு கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், பத்து மணி நேரம் தாங்கும் பேட்டரி. ஆகாஷில் யு.எஸ்.பி. துளை ஒன்றுக்கு இரண்டு இருந்தன. மெமரி கார்டு போடலாம், வைஃபை உண்டு, ஹெட்ஃபோன் மாட்டலாம். பட்டியலாகப் படித்தால் ஐபேடைவிட ஆகாஷிடம் சாமான் அதிகம். கையில் எடுத்தால்தான் கதை மாறும்.

மாறியதற்குக் காரணம் புரிய வேண்டுமானால் விலை எப்படி நிர்ணயமானது என்று பார்க்க வேண்டும். 2006-இல் நிக்கோலஸ் நெக்ரோபான்டேயின் ‘குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தை இந்தியா வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நாமே அதைவிட மலிவாகச் செய்வோம் என்ற எண்ணம் டெல்லியில் ஊறிக்கொண்டிருந்தது. 2010 ஜூலையில் சிபல் ஒரு மாதிரிக் கருவியைக் காட்டி, விலை 35 டாலர் என்றார். கருவி முழுமை பெறும் முன்பே விலை தலைப்புச் செய்தியாகிவிட்டது. பிறகு ஜோத்பூரில் இருந்த ஐ.ஐ.டி. ராஜஸ்தான் டெண்டர் விட்டது. சுனீத் சிங் துலி, ராஜா சிங் துலி சகோதரர்களின் டேட்டாவிண்ட் நிறுவனம் ஒரு லட்சம் கருவிகளுக்கான ஆர்டரைப் பெற்றது. ஹைதராபாத்தில் குவாட் என்ற நிறுவனம் அவற்றைப் பொருத்தித் தந்தது.

சம்பளம் இவ்வளவுதான் என்று தெரிந்த வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுவதுபோல் ஆகாஷின் பட்டியல் எழுதப்பட்டது. சீட்டில் ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றை அடிக்க வேண்டும். டேப்லெட்டில் அதிகம் செலவு பிடிக்கும் உறுப்பு திரையும் அதன் மேல் தொடுபரப்பும். எனவே அடிக்கும் கோடு முதலில் அங்கேதான் விழும். விழுந்தது.

ஆகாஷின் தொடுதிரை ‘ரெசிஸ்டிவ்’ வகை. மின்சாரம் கடத்தும் பூச்சு பூசிய இரண்டு மெல்லிய அடுக்குகள். நடுவில் மயிரிழை இடைவெளி. மேலே அழுத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், தொட்ட இடத்தைக் கருவி கணக்கிடும். இதற்கு நகம் போதும், பேனா மூடி போதும், விளக்குமாற்றுக் குச்சிகூடப் போதும். மலிவும்கூட. ஐபேடில் இருப்பதோ ‘கெபாசிடிவ்’ வகை: கண்ணாடிக்கு அடியில் பரவியிருக்கும் மின்புலத்தை விரல் நெருங்கிக் கலைப்பதை அது உணர்கிறது. அழுத்தவே வேண்டாம், பல விரல்களை ஒரே நேரத்தில் கண்டுகொள்ளும்.

அழுத்துவதற்கும் தொடுவதற்கும் இவ்வளவு பேதமா? பாடப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போகும் மாணவியின் விரலுக்கு அதுதான் எல்லாமும். ஆண்ட்ராய்டு அப்போதே வழுக்கிச் செல்லும் விரலை நம்பிக் கட்டப்பட்ட மென்பொருள். அதை ரெசிஸ்டிவ் திரையில் ஓட்டினால், தள்ளியது நகராது, நகர்ந்தது நிற்காது, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்க முடியாது. ஆகாஷைச் சோதித்து எழுதியவர்களின் முதல் புகார் இதுதான். ரெசிஸ்டிவ் திரைக்காகப் பேசவும் நியாயம் இருந்தது: கூரான குச்சியால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கண்ணாடி உடையும் பயம் குறைவு. ஆனால் அந்த நியாயத்துக்கு ஏற்ற மென்பொருளும் கூடவே வந்திருக்க வேண்டும். எழுத்தாணிக்கு உகந்த திரையை வைத்துவிட்டு விரலுக்கு உகந்த மென்பொருளை ஏற்றியது இந்தக் கருவியின் மிகப் பெரிய பிழை.

பிராசஸர் 366 மெகாஹெர்ட்ஸ். ஐபேடின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். இதற்குப் பின்னால் யோசனை இல்லாமல் இல்லை. மாணவர்கள் இதில் முக்கியமாகப் பார்க்கப்போவது விரிவுரைக் காணொளிகள், சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைத்த என்.பி.டி.இ.எல். பாடங்கள் போன்றவை. காணொளியை விரித்துக் காட்டும் வேலையைத் தனிச் சில்லிடம் ஒப்படைத்துவிட்டால் முதன்மைப் பிராசஸர் மெதுவாக இருந்தாலும் பாதகமில்லை என்பது கணக்கு. காணொளி ஓடியது. பாடம் பார்த்துக்கொண்டே குறிப்பு எழுத, அகராதியில் ஒரு சொல்லைத் தேட, மறுபடி பாடத்துக்குத் திரும்ப என்று மாணவர் இயல்பாகச் செய்யும் தாவல்களில்தான் கருவி மூச்சுவாங்கியது.

மேலே சொன்ன 256 எம்.பி. ராமுக்குத் திரும்புவோம். தமிழ் வாசகருக்கு இந்த எண்ணில் தனி அக்கறை இருக்க வேண்டும்.

ஆகாஷில் ஓடியது ஆண்ட்ராய்டு 2.2. அந்தப் பதிப்பில் இந்திய மொழி எழுத்துருக்கள் கிடையாது. தமிழ் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். தமிழ் எழுத்துரு ஆண்ட்ராய்டுக்குள் குடியேறியது 4.0 பதிப்பில். சரி, 4.0-வை ஏற்றிக்கொள்ளலாமே என்றால், அதற்குக் குறைந்தது 340 எம்.பி. நினைவகம் வேண்டும் என்று கூகுளின் இணக்க விதி சொன்னது. ஆகாஷிடம் இருந்ததோ 256. இந்திய மாணவர்களுக்கென்றே இந்திய அரசு செய்வித்த கருவி, அவர்கள் தாய்மொழியைக் காட்டும் பதிப்புக்கு ஏற முடியாதபடி பிறக்கும்போதே தடைபட்டது. ராம் என்பது வேகத்துக்கான எண் என்றுதான் விவாதம் நடந்தது. மொழிக்கான எண்ணும் அதுவே என்பதை அந்த டெண்டர் கணக்குப் போட்டவர்கள் கருதிப் பார்க்கவில்லை என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது.

இணைப்பு விஷயமும் இதே கதிதான். மாணவர் பதிப்பில் வைஃபை மட்டும். சிம் கார்டுக்கு இடமில்லை. 2011-இல் எத்தனை வீடுகளில் வைஃபை இருந்தது? கல்லூரி வாசலைத் தாண்டியதும் கருவி வாய் மூடிக்கொள்ளும். வியப்பு என்னவென்றால், டேட்டாவிண்டின் தனித்திறமையே வேகம் குறைந்த ஜி.பி.ஆர்.எஸ். இணைப்பில் இணையப் பக்கங்களைச் சுருக்கி அனுப்புவதுதான். கடையில் விற்ற ‘யுபிஸ்லேட் 7’ என்ற பதிப்பில் சிம் போடும் வசதி இருந்தது. அதன் விலை 2,999 ரூபாய். எழுநூற்றுச் சொச்சம் ரூபாய் வித்தியாசத்தில், வீட்டில் இணையம் உள்ள கருவியும் இல்லாத கருவியும் பிரிந்தன.

இப்படித் திரை, ராம், சிம் என்று பேச எவ்வளவோ இருக்க, பெரிய சண்டை மூண்டது மழைக்காக.

முதல் தொகுதிக் கருவிகள் வந்து சேர்ந்தபின் ஐ.ஐ.டி. ராஜஸ்தானுக்கும் டேட்டாவிண்டுக்கும் தரச் சோதனையில் முட்டிக்கொண்டது. மணிக்கு நான்கு அங்குலம் பெய்யும் மழையைத் தாங்க வேண்டும், அமெரிக்க ராணுவத் தளவாடங்களுக்கான சோதனைகளில் தேற வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள் என்று நிறுவனம் பகிரங்கமாகக் குமுறியது. இந்த விலைக்கு அது நடக்கிற காரியமா என்பது அவர்கள் கேள்வி. வந்த கருவிகள் தரத்தில் தேறவில்லை என்பது ஐ.ஐ.டி. பக்கத்து வாதம். ஜோத்பூர் வெயிலில் வைத்துச் சோதித்தவர்களுக்குக் கருவி உழைக்க வேண்டுமே என்ற கவலை இருந்தது நியாயம்தான். இந்தியப் பள்ளிப் பை என்பது மென்மையான இடமல்ல. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், பஸ் நெரிசல் எல்லாம் அதன் மேல் விழும். ஆனால் பைக்குள் ஒழுகும் தண்ணீர் வேறு, நான்கு அங்குல மழை வேறு. முதலாவதற்குத் துளைகளுக்கு ஒரு ரப்பர் மூடி போதும். இரண்டாவதற்கு முழுக் கூட்டையும் புதிதாக வடிவமைக்க வேண்டும். ஒப்பந்தம் முடங்கியது. 2012-இல் திட்டம் மும்பை ஐ.ஐ.டி.க்கு, பேராசிரியர் தீபக் பாடக்கின் பொறுப்புக்கு, கைமாறியது.

அந்த ஆண்டு பேட்டரியைப் பற்றிப் பேசாமல் யாராலும் இருந்திருக்க முடியாது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து பாதி இந்தியா இருட்டில் கிடந்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அந்த ஆண்டு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். முதல் ஆகாஷின் பேட்டரி 2,100 மில்லி ஆம்பியர் மணி; அதிகபட்சம் மூன்று மணி நேரம் ஓடும் என்பது நிறுவனமே சொன்ன கணக்கு. காலையில் முழு சார்ஜோடு கிளம்பினால் மதிய உணவு மணி அடிக்கும் முன் அணைந்துவிடும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பறையில் இரண்டோ மூன்றோ பிளக் இருக்கும். மின்சாரம் நிச்சயமற்ற நாட்டுக்கு ஒரு கருவி செய்யும்போது, இரண்டாவது யு.எஸ்.பி. துளையை அடித்துவிட்டு அந்தப் பணத்தையும் பேட்டரியில் போட்டிருக்க வேண்டும் என்று சொல்வதில் தயக்கமே தேவையில்லை. இந்தியா வேண்டாமென்ற நெக்ரோபான்டேயின் லேப்டாப்பில் இந்த ஒரு விஷயத்தில் பாடம் இருந்தது. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த அதன் திரையை, பின்விளக்கை அணைத்துவிட்டு வெயிலிலேயே வாசிக்கலாம். விளக்கு அணைந்தால் பேட்டரியின் ஆயுள் கூடும். மரத்தடி வகுப்புக்கும் அது தோதான திரை.

2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ்-2-ஐ வெளியிட்டார். விலை மாறவில்லை என்றே சொல்லலாம்: 2,263 ரூபாய். ஓராண்டில் சில்லுகளின் விலை சரிந்ததால் அதே காசுக்கு நிறையக் கிடைத்தது. கெபாசிடிவ் திரை, ஒரு கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், 512 எம்.பி. ராம், 3,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, ஆண்ட்ராய்டு 4.0. தமிழ் எழுத்துக்கு வாசல் திறந்தது. கூடவே ஒரு கேமராவும் வந்தது. ஆனால் அது முகத்தைப் பார்த்திருக்கும் முன்பக்கக் கேமரா, துல்லியம் 0.3 மெகாபிக்சல். கரும்பலகையைப் படமெடுக்க, நண்பரின் நோட்டைப் பிரதியெடுக்க, செம்பருத்தியின் மகரந்தத்தை அருகில் பார்க்க மாணவருக்கு வேண்டியது பின்பக்கக் கேமரா. கேமரா உண்டா என்ற கேள்விக்கு ‘உண்டு’ என்று டிக் அடிக்க முன்பக்கமே போதுமானதாக இருந்திருக்கிறது.

மும்பையில் நடந்த உருப்படியான காரியம் வேறொன்று. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் ‘எக்ஸ்ப்ஐஸ்’ என்றொரு கையடக்க ஆய்வுப் பெட்டியை உருவாக்கியிருந்தது. மும்பை ஐ.ஐ.டி. அதை ஆகாஷோடு இணைத்தது. யு.எஸ்.பி. வழியாகச் செருகினால் டேப்லெட் ஆய்வுக்கூடக் கருவியாகிவிடும். மின்தேக்கி ஒன்று மின்னிறங்கும் வளைகோட்டைத் திரையில் நேராகப் பார்க்கலாம். ஒலி அலையை அளக்கலாம். பெரிய அலைகாட்டி வாங்க வழியில்லாத கல்லூரிக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதை இயற்பியல் ஆசிரியர்களிடம் கேட்டால் தெரியும். இரண்டாவது யு.எஸ்.பி. துளை வீண் என்று மேலே சொன்னாலும், முதலாவதன் அருமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஐபேட் விட்டுவிட்டதை ஆகாஷ் விடாமல் வைத்திருந்தது இந்த ஓர் இடத்தில் பலித்தது.

இந்தக் காலத்திலேயே தமிழ்நாடு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. ஆகாஷ் மேடையேறுவதற்கு இருபது நாள் முன்பு, 2011 செப்டம்பர் 15 அன்று, முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாநில அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்தது விசைப்பலகை உள்ள முழு லேப்டாப். விலை ஆகாஷைப்போலப் பல மடங்கு. ஆனால் அதில் கட்டுரை அடிக்கலாம், நிரல் எழுதலாம். டேப்லெட்டில் எதை வைப்பது என்று டெல்லி வாதாடிக்கொண்டிருந்தபோது, டேப்லெட்டே வேண்டுமா என்ற கேள்விக்குச் சென்னை விடை எழுதிவிட்டிருந்தது.

ஆகாஷ் திட்டம் 2015 மார்ச்சோடு முடித்துவைக்கப்பட்டது. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2014 செப்டம்பர் 15 அன்று, சென்னையில் வளர்ந்த, கூகுளின் சுந்தர் பிச்சை டெல்லியில் ‘ஆண்ட்ராய்டு ஒன்’ ஃபோன்களை அறிமுகப்படுத்தினார். விலை 6,399 ரூபாயிலிருந்து தொடங்கியது. அவற்றில் ஒரு ஜி.பி. ராம், இரண்டு சிம், மெமரி கார்டு, எஃப்.எம். ரேடியோ, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி எல்லாம் இருந்தன. இந்தியர்கள் ஃபோனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதிலிருந்து பிறந்த பட்டியல் அது. அந்த ஃபோன்களும் நினைத்தபடி விற்கவில்லை. ஏன் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)