மார்பகப் புற்றுநோய்: பரிசோதனைக்குப் பிறகுதான் தடை



மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா போன்ற இடங்களைப் பூர்வீகமாகக் கொண்டு அமெரிக்காவில் வாழும் மக்களை ஹிஸ்பானிக் மக்கள் என்கிறார்கள். வெள்ளையினப் பெண்களைவிட இப்பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாகவே வருகிறது. ஆனாலும் இவர்களிடையே புற்றுநோய் மரணங்களில் முதலிடம் இதற்குத்தான். நோய் முற்றிய பிறகு தெரியவருவதும் இவர்களிடம் அதிகம்.

கூச்சம், அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவையும் உண்டுதான். ஆனால் பெரிய தடை பரிசோதனைக்குப் பிறகே வருகிறது என்று நாம் கருதுகிறோம்.

40 வயதிலிருந்து 2 ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும்படி அந்நாட்டு நிபுணர் குழு 2024இல் பரிந்துரைத்தது. இன்சூரன்ஸ் இருந்தால் பெரும்பாலும் இது இலவசம். படத்தில் சந்தேகம் வந்தால் மறுபடி அழைப்பார்கள். மீண்டும் படம், ஸ்கேன், பிறகு சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. இவற்றுக்கு 2025 வரை பல திட்டங்களில் கைக்காசு போடவேண்டியிருந்தது. தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சம்பளமும் போகும். நாட்கள் வாரங்களாகி, வாரங்கள் மாதங்களாகிவிடுகின்றன.

இன்சூரன்ஸே இல்லாதவர்களும் ஹிஸ்பானிக் மக்களில் அதிகம். ஏழைப் பெண்களுக்குப் பரிசோதனை செய்ய 1990இல் ஒரு சட்டம் வந்தது. அப்படி நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு மெடிகெய்ட் எனும் அரசு மருத்துவ உதவியில் சிகிச்சை அளிக்க 2000இல் வழி பிறந்தது. ஆனால் குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்குப் பொதுவாக மெடிகெய்ட் கிடையாது. ஆவணம் உள்ளவர்களிலும் பலர், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நோய் இருக்கிறது என்று இலவசமாகச் சொல்லிவிட்டு, சிகிச்சைக்கு வேறிடம் பார் என்பது எவ்வளவு கொடுமை!

அடுத்தது மொழி. அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. நடைமுறையில் பல நேரம் உடன்வந்த மகளே அந்த வேலையைச் செய்கிறாள். தாய்க்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதை மகள் எப்படி முழுதாகச் சொல்வாள்? பாதியை விழுங்கிவிடுவாள்.

பலன் தந்த முயற்சிகளும் உண்டு. ‘ப்ரோமோத்தோரா’ எனப்படும் பெண்கள் அதே தெருவில், அதே மொழி பேசி வாழ்பவர்கள். வீடு வீடாகச் சென்று விளக்கி, பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் டாக்டர் ஹெரால்ட் ஃப்ரீமன் 1990இல் வேறொரு ஏற்பாட்டைத் தொடங்கினார். படத்தில் சந்தேகம் என்று வந்த நாள் முதல் சிகிச்சை முடியும்வரை, படிவம் நிரப்ப, தேதி வாங்க, வண்டி ஏற்பாடு செய்ய ஒருவர் நோயாளியின் கூடவே இருப்பார்.

சகோதரிகளே, அங்கே மருந்துக்கோ இயந்திரத்துக்கோ பஞ்சமில்லை. கூடவே வர ஓர் ஆள்தான் பலருக்கு இல்லை.