லயம் எப்போது ஊராகும்?

மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பகுதிக் கடலோரத்தில் கிடக்கிறது கொண்டச்சி. மணலும் முட்புதரும் மரமுந்திரிகையும் வெயிலும் நிறைந்த வறண்ட நிலம். தேயிலைக்கும் இந்த மண்ணுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் நுவரெலியாவிலோ பதுளையிலோ தேயிலை மலை சூழ்ந்து கிடக்கும் ஒரு குடியிருப்பை ஊர் என்று சொல்லலாமா என்று கேட்பவர் கொண்டச்சியைப் பார்த்துவிட்டு மலை ஏறுவது நல்லது. ஊருக்கும் முகாமுக்கும் உள்ள வேற்றுமை இந்தக் கரையில் பச்சையாகத் தெரியும். முத்துச் சலாபம் எனும் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் கொண்டச்சிக் குடாவின் வெற்று மணலில் சில வாரங்களுக்குள் ஒரு பட்டணமே எழும்பும். 1796 முதல் 1798 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆங்கிலேயர் இங்கே சலாபம் நடத்திப் பெரும் வருமானம் கண்டார்கள். அந்த வருமானத்தைக் கிட்ட இருந்து பார்த்துக்கொள்ளத்தான் ஆளுநர் பிரெடரிக் நோர்த் பக்கத்து அரிப்பில் மாளிகை கட்டினார். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இருந்து குளியாட்கள் வந்தார்கள். வணிகர், தட்டார், வட்டிக்காரர், சுறாவுக்கு வாய்கட்டும் மந்திரக்காரர் என்று எல்லாரும் வந்தார்கள். கடைத்தெரு இருந்தது, காவல் இருந்தது. பருவம் முடிந்ததும் ஓலைக் கொட்டில்கள் பிரிக்கப்பட்டன. சிப்பி ஓடு மட்டும் மிஞ்சியது. ஆயிரக்கணக்கானோர் புழங்கிய அந்தப் பட்டணத்தை யாரும் தன் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டதில்லை. பக்கத்தில் சில குடும்பங்களே வாழ்ந்த சின்னக் கொண்டச்சிதான் ஊர்.

மன்னார்க் கரைக்கு வேறொரு கூட்டமும் வந்து இறங்கியது. 1820களில் கண்டிச் சீமையில் கோப்பிப் பயிர் தலையெடுத்ததிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர் தோணியில் இந்தக் கரைக்கு வந்து, வன்னிக் காட்டினூடே மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகப் போனார்கள். பேதியிலும் அம்மையிலும் பட்டினியிலும் பாதையோரத்தில் விழுந்தவர்கள் பலர். 2023இல், இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே தடத்தில் ஒரு நடைபயணம் நடந்தது. இங்கே கவனிக்கவேண்டியது, தொடக்கத்தில் அவர்கள் நிரந்தரமாகத் தங்கப் போனவர்கள் அல்லர் என்பது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் வேண்டும், பறித்து முடிந்தால் வேண்டாம். அந்த வேலைக்கு எழுப்பப்பட்டவைதான் லயங்கள்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல காம்பராக்கள், காம்பரா ஒன்று ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் இஸ்தோப்பு என்ற ஒரு தாழ்வாரம். தோட்டத்தை நடத்தும் துரையின் பார்வை படும் இடத்தில், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு விடியுமுன் ஆள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அவை அமைந்தன. முத்துச் சலாபக் கொட்டிலுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. வேலை எங்கே எவ்வளவு நாளோ, ஆளும் அங்கே அவ்வளவு நாள்.

பிறகு பயிர் மாறியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். இரண்டே ஆண்டில் கோப்பி இலையில் பூஞ்சண நோய் கண்டது. 1880களில் கோப்பி படுத்துவிட்டது. தேயிலைக்குப் பருவமில்லை. வருடம் முழுக்கக் கொழுந்து வரும். எடுக்காமல் விட்டால் முற்றிவிடும். எனவே ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள், மலையிலேயே தங்கினார்கள், அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணுக்குப் போனார்கள். பயிர் மாறி, குடும்பம் வந்து, தலைமுறையும் வளர்ந்தது. லயம் மட்டும் மாறவில்லை. அதன் கட்டடமும் சரி, அதை ஆளும் சட்டமும் சரி, பருவக் கூலிக்காரனை மனதில் வைத்தே நின்றன. இலங்கை மலையகத்தின் நூற்றைம்பது ஆண்டுத் தேயிலை வரலாற்றை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், கலைக்க மறந்துபோன முகாம் என்று சொல்வேன். மறந்தது தற்செயலா, வசதியா என்பது வேறு கேள்வி.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அது வெறும் மறதியாகத் தெரியவில்லை. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோதும் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கிராமத்தவர் அல்லர் என்பதே அதன் பொருள். 1946இல் கேகாலைப் பகுதியில், நம்மவர் உருளவள்ளி என்று சொல்லும் தோட்டத்தை, காணியற்ற கிராமத்தவருக்குப் பகிர அரசு எடுத்தது. அங்கேயே தலைமுறையாக இருந்த தொழிலாளர் குடும்பங்கள் வெளியேறச் சொல்லப்பட்டன. அதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஒரே நிலத்தைக் காட்டி ஒருவரைக் காணியற்ற கிராமவாசி என்றும் மற்றவரை அத்துமீறி இருப்பவர் என்றும் சொல்ல முடிந்ததென்றால், அந்த வேறுபாட்டை வாழ்ந்த காலம் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவு. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். முகாமில் இருப்பவரைத்தான் இப்படித் தலை எண்ணிப் பங்கிட முடியும். குடியுரிமைச் சிக்கல் 2003இல் ஏறத்தாழத் தீர்ந்த பிறகும் முகாம் தீரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தில் ஒரு பாதை போடவோ விளக்கு வைக்கவோ வழியில்லாமல் இருந்தது; அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. தோட்டத்து ஆளும் சபைக்கு வாக்குப் போட்டார், சபைக்குத் தோட்டத்தினுள் வேலையில்லை!

இதற்கு முதல் மறுப்பு மலையகத்துக்குள்ளிருந்தே வரும். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் இல்லையா, தேர் இழுக்கவில்லையா, காமன்கூத்தில் மன்மதன் எரிவதில்லையா, பிறகு எப்படி ஊரில்லை என்பீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆங்கிலத் துரைமார் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களைத் தோட்டங்களுக்கு இட்டுப் போக, தொழிலாளர் அந்தப் பெயர்களை ஒதுக்கித் தாங்களாகத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள்; அந்தப் பெயர்கள் இன்றும் பேச்சில் நிற்கின்றன. பெயர் வைப்பது ஊராரின் வேலை. ஆக, மனிதர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். ஊராவதற்குக் குறைவது பண்பாடு அன்று. காணியும் முகவரியும் தன் வீட்டுச் சுவரில் ஒரு சன்னல் வைக்கும் உரிமையும்தான். பல தோட்டங்களில் கடிதம் வீடு தேடி வராது; அலுவலகத்திலோ கடையிலோ கிடக்கும். வேலைக்கான அழைப்புக் கடிதம் நாள் தப்பிக் கைக்கு வந்தால், கோயில் தேர் அதை ஈடுசெய்யாது.

இரண்டாவது மறுப்பு கம்பனிகளின் பக்கத்தது. வாடகை இல்லாத வீடு, பிள்ளைக் காம்பரா, மருந்துக் கொட்டில் எல்லாம் தோட்டம் கொடுக்கிறதே, கிராமத்தவருக்கு யார் கொடுக்கிறார்கள் என்பது அது. கொடுத்தது உண்மை, குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூலியோடு கட்டிய வீடு, கூலியின் ஒரு பகுதி. அதை விட்டால் இதுவும் இல்லை. அந்தக் கட்டின் விலை என்ன என்பதைக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று நாடு பார்த்தது. மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே, 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சொந்தக் காணி உள்ளவன் எச்சரிக்கை கேட்டால் அதை விற்றோ அடகு வைத்தோ வேறிடம் போகப் பார்ப்பான். லயத்தில் இருப்பவன் எதை விற்பான்? போகச் சொல்வது எளிது; எங்கே என்பதற்குத்தான் பதில் இருக்கவில்லை.

மூன்றாவது மறுப்பே கனமானது: மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் தேயிலை அழியும், அந்நியச் செலாவணி போகும். இதற்கு ஊகத்தால் பதில் சொல்லத் தேவையில்லை. இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கு காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு உடைமையாளரின் கையிலிருந்து வருகிறது. தன் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் வைத்திருப்பவர் கொழுந்து பறிக்க, தொழிற்சாலை வாங்கிக்கொள்கிறது. நீலகிரியில் இன்னும் தெளிவான சான்று உண்டு. கோத்தகிரிப் பக்கத்தில் படுகர் வாழும் ஹட்டிகளைச் சுற்றித் தேயிலைதான். அது அவர்களுடைய தேயிலை, எனவே ஹட்டி ஊராகவே இருக்கிறது. அதே மாவட்டத்தில், இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில், பணி ஓய்வு வந்தால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். ஒரே குளிர், ஒரே செடி. ஒன்று ஊர், மற்றது லயம். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை இதன் கடைசி அத்தியாயத்தைக் காட்டுகிறது. சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மலை அது. குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கையிலேயே, 2024இல், பாம்பே பர்மா கம்பனி விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளரை இறங்கச் சொன்னது. நான்கு தலைமுறை வாழ்ந்த இடத்துக்கு உரிமை கோர அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

இளைஞர்கள்தான் மலையை விட்டுக் கொழும்புக்குப் போகிறார்களே, யாருக்காக இந்த ஊர் என்பாரும் உண்டு. போகிறார்கள்தான். தோட்டங்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளர் அல்லர். ஆனால் இந்தத் தகவல் மறுப்புக்கு எதிராகவே நிற்கிறது. வேலைக்காரருக்கென்று கட்டிய குடியிருப்பில் வேலைக்காரர் சிறுபான்மை என்றால், அது குடியிருப்பு என்ற பெயரை எப்போதோ தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தானும் கொழும்புக்குப் போகிறான். அதற்காக அவனுடைய ஊரை யாரும் அழிப்பதில்லை.

அண்மைய ஆண்டுகளில் சிறு மாற்றம் தெரிகிறது. இந்திய உதவியிலும் அரசுப் பணத்திலும் தனித்தனி வீடுகள் எழுந்தன. ஏழு பேர்ச்சஸ் காணி, அதாவது சுமார் 1,900 சதுர அடி, பிறகு பத்துப் பேர்ச்சஸ் என்று அறிவிப்புகள் வந்தன. 2018இல் பெருந்தோட்டப் பகுதிக்கென்று புதிய கிராமங்கள் அதிகார சபையே சட்டமாயிற்று. ‘புதிய கிராமம்’ என்ற அந்தச் சொல்லிலேயே பழைய தவறின் ஒப்புதல் இருக்கிறது. ஆனாலும் வீடு கட்டிய வேகத்தில் காணி உறுதி கைக்கு வரவில்லை. உறுதியில்லாத தனி வீடு, சுவர் மட்டும் பிரித்த லயம்.

காகிதம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. அதையும் கொண்டச்சியே சொல்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிக் கிராமங்கள் காலியாயின. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துத் திரும்பியவர்கள், தாங்கள் விட்டுப்போன நிலத்தைக் காடு மூடியிருப்பதையும், அதில் ஒரு பகுதி வன ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டிருப்பதையும் கண்டார்கள். வழக்கு, மனு, போராட்டம் என்று அது இன்னும் இழுபடுகிறது. ஆனால் காணி கேட்டு அலுவலகப் படியில் ஏறும் முசலிக்காரர் கையில் பாட்டன் காலத்து உறுதியும், கிணறு இருந்த இடமும், பள்ளிவாசல் பதிவும் இருக்கின்றன. ஊர் இருபது ஆண்டு ஆளில்லாமல் கிடந்தும் ஊராகவே இருந்தது. நூற்றைம்பது ஆண்டு ஒரு நாளும் ஆளில்லாமல் கிடக்காத லயத்திலிருந்து அதே படிக்குப் போகிறவர் காட்டக்கூடியது, துரையின் செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் இருந்த பெயர் ஒன்றுதான். வேலையை விட்ட மாதத்தில் அதையும் வெட்டிவிடுவார்கள்.