கணையத்துக்குள் ஓர் உயிர்ச்சத்துக் கிடங்கு

உயிர்ச்சத்து ஏ என்றதும் உங்களுக்குக் கண்ணும் கேரட்டும்தான் நினைவுக்கு வரும். தேர்வுத் தாளில் மாணவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இரைப்பைக்குப் பின்னால், சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கணையத்துக்கும் இந்த உயிர்ச்சத்துக்கும் உள்ள உறவு, பாடநூலில் வராத கதை.

கணையம் இரண்டு வேலை செய்கிறது. இன்சுலினை இரத்தத்தில் விடுகிறது. உணவைச் செரிக்கும் நொதிகளைச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின் அங்கே தயாராகும்போது செயலற்ற வடிவில்தான் இருக்கும். சிறுகுடலை அடைந்த பிறகே அது விழித்துக்கொள்ள வேண்டும். பித்தப்பைக் கல் வழியை அடைத்தாலோ, மது அளவு மீறினாலோ, சில நேரம் அது கணையத்துக்குள்ளேயே விழித்துவிடுகிறது. அப்போது கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். முதுகுவரை பாயும் அந்த வலிதான் திடீர்க் கணைய அழற்சி.

பெரும்பாலோர் இதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். சிலருக்கோ அழற்சி திரும்பத் திரும்ப வந்து, நல்ல திசு இருந்த இடமெல்லாம் நார்போன்ற தழும்பாகிவிடும். இதுவே நாள்பட்ட கணைய அழற்சி. தழும்பு செரிமான நொதியும் சுரக்காது, இன்சுலினும் சுரக்காது. அதனால்தான் இந்நோயாளிகளில் பலருக்கு இனிப்பு நீரும் சேர்ந்து வருகிறது.

இந்தத் தழும்பை யார் உண்டாக்குவது என்ற கேள்விக்குப் பதில் முதலில் கல்லீரலில் கிடைத்தது. 1876-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் வான் குப்ஃபர், தங்கக் குளோரைடு கொண்டு கல்லீரலுக்குச் சாயமேற்றியபோது நட்சத்திர வடிவ உயிரணுக்களைக் கண்டார். அந்தச் சாயம் பற்றிக்கொண்டது உயிர்ச்சத்து ஏ நிறைந்த கொழுப்புத் துளிகளைத்தான் என்று ஜப்பானின் கென்ஜிரோ வாக்கே 1971-இல் விளக்கினார். கிட்டத்தட்ட நூறு ஆண்டு! 1982-இல் சுண்டெலியின் கணையத்திலும் இத்தகைய உயிரணுக்கள் தென்பட்டன. புற ஊதா ஒளி பட்டால் உயிர்ச்சத்து ஏ நீலப்பச்சையாக மின்னி உடனே மங்கிவிடும்; அந்த மின்னல்தான் அவற்றைக் காட்டிக்கொடுத்தது. 1998-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் ஜெர்மனியின் ஊல்ம் நகரிலும் இயங்கிய இரு குழுக்கள் தனித்தனியே அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்தன. சிட்னிக் குழு பயன்படுத்திய உத்தி எளிமையானது: கொழுப்புத் துளி இருப்பதால் இந்த உயிரணுக்கள் மற்றவற்றைவிட இலேசானவை, திரவத்தில் மேலே மிதக்கும்.

அமைதியான கணையத்தில் நட்சத்திர உயிரணு உயிர்ச்சத்து ஏ-யைச் சுமந்தபடி சும்மா இருக்கும். அழற்சி தொடங்கினால் துளிகளை இழந்து, உருமாறி, கொலாஜனை உற்பத்தி செய்து குவிக்கும். அந்தக் கொலாஜன்தான் தழும்பு.

இங்கே ஓர் அறிவியல் கேள்வி எழுகிறது. உயிர்ச்சத்து ஏ போவதால் உயிரணு மாறுகிறதா, உயிரணு மாறுவதால் உயிர்ச்சத்து ஏ போகிறதா? இரண்டும் ஒன்றாக நடப்பதைப் பார்த்து மட்டும் எது காரணம் என்று சொல்ல முடியாது. முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து மல்லுக்கட்டுவது இத்தகைய கேள்விகளோடுதான். சிட்னிக் குழு 2006-இல் வெளியிட்ட சோதனையில், விழித்துவிட்ட நட்சத்திர உயிரணுக்களுக்கு ரெட்டினாலையும் ரெட்டினாயிக் அமிலத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெருக்கம் குறைந்தது, கொலாஜனும் குறைந்தது. மதுச்சாரம் சேர்த்துத் தூண்டியபோதும் ரெட்டினால் தடுத்து நின்றது. ரெட்டினாயிக் அமிலம் உயிரணுக் கருவுக்குள் ஏற்பிகளோடு சேர்ந்து, எந்த மரபணு இயங்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது.

கணையப் புற்றுநோயையும் இதே தழும்புதான் கெட்டியாகச் சூழ்ந்து நிற்கிறது. இலண்டன் ஆய்வாளர்கள், ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே கொடுக்கப்படும் ரெட்டினாயிக் அமில மருந்தை, வழக்கமான கீமோதெரபியோடு சேர்த்து முப்பதுக்கும் குறைவான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். அது பாதுகாப்பைச் சோதிக்கும் முதல் கட்டம். நோயைக் குணப்படுத்துகிறதா என்பதற்கான பதில் அன்று.

அப்படியானால் மருந்தகத்தில் உயிர்ச்சத்து ஏ மாத்திரை வாங்கி விழுங்கலாமா? வேண்டாம். கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணு வேறு, உங்கள் வயிற்றுக்குள் இருக்கும் கணையம் வேறு. பெரியவர்களுக்கு ரெட்டினாலின் உச்ச வரம்பு நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராம். நெடுநாள் அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும். கர்ப்பிணி என்றால் சிசுவுக்கே ஊனம் வரலாம். கீரை, பப்பாளி, சுத்திகரிக்காத சிவப்புச் செம்பனை எண்ணெய் ஆகியவற்றில் உள்ள பீட்டா கரோட்டினில் அந்த ஆபத்து இல்லை, ஏனெனில் உடல் தேவைக்கேற்பவே அதை மாற்றிக்கொள்கிறது.

பீட்டா கரோட்டினோடு செலினியம், உயிர்ச்சத்து சி, ஈ, மெத்தியோனின் சேர்ந்த கலவையை நாள்பட்ட அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வுகளும் உண்டு. டில்லியில் 127 பேரிடம் நடந்த ஆய்வில் (2009) வலி குறைந்தது. மான்செஸ்டர் ஆய்விலோ (2012) போலி மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. டில்லி நோயாளிகள் இளையவர்கள், பலருக்கு நோயின் காரணமே தெரியாது. மான்செஸ்டரில் பெரும்பாலோர் மதுவால் பாதிக்கப்பட்டவர்கள். ஒரே பெயர் கொண்ட நோய் இரண்டு ஊரில் ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டில் கணைய நோயாளி இருந்தால் கதையின் மறுபக்கம் முக்கியம். உயிர்ச்சத்து ஏ கொழுப்பில் கரைவது. கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் கணையத்திலிருந்து வருவது. கணையம் தேய்ந்தால் கொழுப்போடு சேர்ந்து உயிர்ச்சத்து ஏ-யும் மலத்தில் போய்விடும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதப்பது, சாப்பிட்டும் எடை இறங்குவது, அந்தி சாய்ந்தால் பார்வை தடுமாறுவது ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் உயிர்ச்சத்து அளவை அறியலாம். குறைந்திருந்தால் எவ்வளவு, எத்தனை நாள் என்று அவரே முடிவு செய்வார். நொதி மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் அது கலந்து செரிக்க அங்கே எதுவும் இருக்காது.