விமானம் கிளம்பலாமா, வேண்டாமா? முடிவெடுக்கும் பொறுப்பு யாருக்கு?

வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் பக்கம் போகிறவர்கள் ஒரு முறையாவது கேட்டுவிடும் கேள்வி இது: "ஏர்போர்ட்தான் ரெடியா இருக்கே, எப்போ ஃபிளைட் விடுவாங்க?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. சி.எம்.சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் மற்றும் ஷூ ஏற்றுமதியாளர்கள் வெளிநாடு போக வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டும். சிறு நகரங்களுக்கு விமானம் விடும் 'உடான்' திட்டத்தில் வேலூரும் இடம்பிடித்தபோது, 19 பேர் உட்காரும் குட்டி விமானமாவது வரும் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது.

ஆனால், ஓடுதளமும் கட்டடமும் இருந்தால் மட்டும் விமானம் இறங்கிவிட முடியாது. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ உரிமம் கொடுக்க வேண்டும். ஓடுதளத்தின் நீளம் போதுமா, சுற்றியுள்ள குன்றுகளும் கட்டடங்களும் குறுக்கே நிற்குமா, தீயணைப்பு வசதி இருக்கிறதா என்று பட்டியல் நீளும். 'எல்லாம் பேப்பர் வேலை' என்று நமக்குச் சலிப்பாக இருக்கலாம். அந்தப் பேப்பர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்தான். என்ன தப்பு நடக்கலாம்? அதைத் தடுக்க வேண்டியவர் யார்?

விமானம் பறக்கத் தொடங்கிய பிறகும் இந்தக் கேள்விகள் ஓய்வதில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். யார் அவர்?

பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

'பைலட்தானே?' என்பதுதான் பலரின் பதில். அது பாதி உண்மை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே 'இணைப்பு 19' என்ற விதித்தொகுப்பை 2013 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் விமான நிறுவனங்கள் இந்த முறையைப் பின்பற்ற வேண்டும். இதன்படி, நிறுவனத்தின் உச்சியில் பாதுகாப்புக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தாக வேண்டும். 'அக்கவுன்டபிள் மேனேஜர்' என்பது அவருடைய பெயர். வேலையைக் கீழே பிரித்துக் கொடுக்கலாம். பதில் சொல்லும் கடமையைப் பிரித்துக் கொடுக்க முடியாது.

அவருக்குக் கீழே விமான இயக்கப் பிரிவும் பாதுகாப்புப் பிரிவும் ஆபத்துகளைக் கணக்கிடுகின்றன. அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு விஷயம் எவ்வளவு அடிக்கடி நடக்கலாம் என்பதற்கு 1 முதல் 5 வரை எண். நடந்தால் எவ்வளவு சேதம் என்பதற்கு ஏ முதல் ஈ வரை எழுத்து. '5ஏ' என்றால் அடிக்கடி நடக்கும், பேரழிவும் வரும். அப்படியே பறக்கவே கூடாது. '1ஈ' என்றால் கவலை இல்லை. நடுவில் வருபவற்றுக்கு என்ன முன்னேற்பாடு செய்கிறோம் என்று எழுதி வைக்க வேண்டும்.

அடுத்து, அன்றைய பயணம். வானிலை, எரிபொருள், எடை, இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று விமான நிலையம் எல்லாவற்றையும் பார்த்துத் திட்டம் தயாரிப்பவர் டிஸ்பாட்சர். அதைச் சரிபார்த்து ஏற்பவர் கேப்டன். கதவு மூடிய பிறகு கடைசி முடிவு அவருடையதுதான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமானால் என்ன ஆகும்?

கோழிக்கோட்டில் நடந்தது

2020 ஆகஸ்ட் 7. கொரோனா காலம். துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் தரையிறங்க முயன்றது. முதல் முயற்சி பலிக்கவில்லை. இரண்டாவது முறை, பின்னாலிருந்து காற்று தள்ள, 8,858 அடி நீள ஓடுதளத்தில் ஏறக்குறைய பாதியைத் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் நிற்காமல் ஓடி, மேட்டிலிருந்து கீழே விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு விசாரணை அறிக்கை வந்தது. விதிமுறைகளைப் பின்பற்றாமல் தரையிறக்கத்தைத் தொடர்ந்ததுதான் விபத்துக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்றது. மீண்டும் மேலே ஏறும்படி துணை விமானி சொல்லியும் கேப்டன் அதை ஏற்கவில்லை.

அறிக்கை அதோடு நிற்கவில்லை. 'வேறு ஊருக்குப் போயிருக்கலாமே, ஏன் போகவில்லை?' என்று தோண்டியது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தைத் தான்தான் ஓட்ட வேண்டும் என்ற நினைப்பு கேப்டனை உந்தியிருக்கிறது என்றது. அங்கே போதிய கேப்டன்கள் இல்லை. 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கேப்டன்தான் கோழிக்கோட்டில் பணியமர்த்தப்பட்டிருந்தார்.

யாரை எந்த ஊரில் பணியமர்த்துவது என்பது ஏ.சி அறையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. அதைக்கூட ஆபத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை 21 உயிர்களைக் கொடுத்துத்தான் கற்க வேண்டியிருந்தது.

ராணிப்பேட்டைக்குத் தெரிந்த வலி

தோல் தொழில் பகுதிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் சிக்கி இறந்தார்கள். சுவர் தாங்குமா, அதன் ஓரத்தில் ஆட்கள் தூங்கலாமா? முந்தின நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

ஓடுதளமோ, கசடுத் தொட்டியோ, ஆபத்தைக் கணக்கிட வேண்டிய நேரம் ஒன்றுதான்: நடப்பதற்கு முன்னால். எல்லோருக்கும் பொறுப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் கடைசியில் யாருமே பார்ப்பதில்லை. அதனால்தான் விமானத் துறை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பதவியைக் குறித்து வைக்கிறது.

பயணிகள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை, 'வானிலை சரியில்லை, வேறு ஊரில் இறங்குகிறோம்' என்று கேப்டன் அறிவித்தால் கோபம் வரத்தான் செய்யும். கனெக்‌ஷன் ஃபிளைட் போய்விடும், மீட்டிங் தவறிப்போகும், வீட்டில் காத்திருப்பார்கள். ஆனால், சங்கிலியின் கடைசிக் கண்ணி சரியாக வேலை செய்கிறது என்றுதான் அந்த அறிவிப்புக்கு அர்த்தம். சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொள்வதுதான் அப்போது பயணிகள் செய்யக்கூடிய பெரிய உதவி.

அப்துல்லாபுரத்துக்கு விமானம் வரட்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு வரட்டும்.