போட்டியாளரோட பேலன்ஸ் ஷீட்டை இலவசமாப் படிக்கலாம்

இந்த வார எபிசோடில் சின்னதா ஒரு சாஃப்ட்வேர் புராடக்ட் தொடங்குறதைப் பத்திப் பேசினோம். "போட்டி இருந்தா இறங்கலாமா, வேண்டாமா?" என்கிற இடத்தில் நேரம் முடிஞ்சு போச்சு. மிச்சத்தை இங்கே எழுதுறேன். நான் கையைச் சுட்டுக்கிட்ட கதையும் இதில் இருக்கு.

2022-இல் ஒரு கான்ட்ராக்ட் முடிஞ்சு, அடுத்தது கிடைக்காம நாலு மாசம் வீட்டில் இருந்தேன். அந்த ஏப்ரல் முதல், பிரிட்டனில் வாட் வரிக்குப் பதிவு செஞ்ச எல்லாரும் கணக்கை டிஜிட்டலாத்தான் வைக்கணும்னு விதி. சரி, நம்மள மாதிரி கான்ட்ராக்டர்களுக்கு டைம்ஷீட், இன்வாய்ஸ், வாட் மூணையும் ஒரே இடத்தில் முடிக்கிற ஆப் ஒண்ணு எழுதலாம்னு உக்காந்தேன். போட்டியைப் பாக்காம இல்ல. குவிக்புக்ஸ், சேஜ், ஃப்ரீஏஜென்ட் மூணையும் எக்செல்லில் வரிசையாப் போட்டு, யார்கிட்ட எந்த வசதி இல்லைன்னு டிக் அடிச்சேன். அவங்ககிட்ட இல்லாத ஏழு வசதி என் ஆப்பில் இருக்கும்னு கணக்கு வந்தது. மாசம் 10 பவுண்ட்னு விலையும் வெச்சேன்.

எழுதி முடிச்சு, கூட வேலை பாத்த நண்பன்கிட்ட முதல்ல காட்டினேன். "நல்லா இருக்குடா. ஆனா எனக்கு ஃப்ரீஏஜென்ட் பேங்க் அக்கவுண்ட்டோட சும்மாவே வருதே"ன்னான்.

உண்மைதான். ஃப்ரீஏஜென்ட்டை 2018-இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமம் வாங்கிடுச்சு. அந்தக் குழுமத்தின் நாட்வெஸ்ட் மாதிரி வங்கிகளில் பிசினஸ் அக்கவுண்ட் வெச்சிருந்தா சாஃப்ட்வேருக்குத் தனியாக் காசு கிடையாது. ஜவுளிக்கடையில் துணி எடுத்தா கட்டைப்பை இலவசமாத் தருவாங்க இல்லையா, அந்த மாதிரி. நான் அந்தக் கடை வாசல்லயே உக்காந்து பை விக்கப் பாத்திருக்கேன். என் பையில் ஏழு பாக்கெட் அதிகம் இருந்து என்ன பிரயோஜனம்? நாலு மாச வாடகை சேமிப்பிலிருந்து போனதுதான் மிச்சம்.

என் எக்செல்லில் இல்லாத காலம் ஒண்ணே ஒண்ணுதான்: இவங்களுக்குக் காசு எங்கிருந்து வருது? இதைக் கண்டுபிடிக்க பிரிட்டனில் இருக்கறவங்களுக்கு ஒரு வசதி உண்டு. எல்லா லிமிடெட் கம்பெனியும் வருஷக் கணக்கை கம்பெனீஸ் ஹவுஸில் தாக்கல் செய்யணும். அதை யார் வேணாலும் இலவசமாப் படிக்கலாம். சின்ன கம்பெனிகள் பலதும் லாப நட்டக் கணக்கைக் காட்டுறதில்லை, ஆனா பேலன்ஸ் ஷீட்டும் சராசரி ஊழியர் எண்ணிக்கையும் இருக்கும். ரிசர்வ் என்கிற வரியை வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பாருங்க. உதாரணமா போன வருஷம் 12,000, இந்த வருஷம் 31,000 என்றால், வரியும் டிவிடெண்டும் போக 19,000 பவுண்ட் உள்ளே தங்கியிருக்கு. முதலாளி டிவிடெண்டா எவ்வளவு எடுத்தார்னு இதில் தெரியாது, அதனால நிஜ லாபம் இதைவிடக் கூடவே இருக்கலாம். அதே பக்கத்தில் எஸ்ஹெச்01 என்கிற படிவம் அடிக்கடி தென்பட்டா, புதுசா ஷேர் கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம். பெரும்பாலும் முதலீட்டாளர் பணம். அப்படிப்பட்டவங்க நஷ்டத்திலேயே ரெண்டு மூணு வருஷம் விலையைக் குறைச்சு வெச்சிருக்க முடியும். நம்மால முடியாது.

ரெண்டே ஊழியர், எட்டு வருஷமா உயிரோட இருக்கு, ரிசர்வ் மெதுவா ஏறுது. இந்த மாதிரி ஒரு போட்டியாளரைப் பாத்தா நான் இப்பல்லாம் சந்தோஷப்படுவேன். முதலீடு இல்லாம ஒரு சின்னக் கடை பிழைக்கிற அளவுக்குக் காசு கொடுக்கிற ஆள் அங்கே இருக்காங்கன்னு அவர் நமக்குப் பதிலா நிரூபிச்சு வெச்சிருக்கார். போட்டியே இல்லைன்னு தெரிஞ்சா, கலைக்கப்பட்ட கம்பெனிகளையும் தேடிப் பாக்கணும். அதுவும் அங்கேயே கிடைக்கும். ஒரே யோசனையில் நாலு பேர் வந்து ரெண்டு வருஷத்தில் மூடிட்டுப் போயிருந்தா, அது காலி மனை இல்ல, மயானம்.

இப்ப என் கையில் இருக்கிற யோசனை, வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கு வருகைப் பதிவும் ஃபீஸ் கணக்கும் பாக்குற ஒரு சின்ன ஆப். இதுக்குன்னே செஞ்ச தமிழ் புராடக்ட் எதுவும் என் கண்ணில் படல. ஆனா போட்டி இருக்கு: வாட்ஸ்அப் குரூப், கூகுள் ஃபார்ம், பொருளாளர் அக்காவோட நோட்டுப் புத்தகம். மூணும் இலவசம், மூணும் அவங்களுக்குப் பழக்கம். தன்னார்வலர்கள் நடத்துற இடம், கமிட்டி மாறினா பழைய முடிவும் மாறும். மாசம் 10 பவுண்ட் தர்ற 100 பள்ளி கிடைச்சாலும் 1,000 பவுண்ட்தான். நாளுக்கு 400 வாங்குற கான்ட்ராக்டருக்கு அது ரெண்டரை நாள் வேலை.

அதனால இந்தத் தடவை கோட் எழுதல. மூணு பள்ளிப் பொருளாளர்கள்கிட்ட போய், "ஒரு வருஷத்துக்கு 60 பவுண்ட், இப்பவே தருவீங்களா? ஆறு மாசத்தில் ஆப் வரலேன்னா திருப்பித் தந்துடுறேன்"னு கேட்டேன். ஒருத்தர் "நல்ல முயற்சி தம்பி, கமிட்டில பேசுறேன்"னார். இன்னொருத்தர் இலவசமா செஞ்சு தரச் சொன்னார். மூணாவது அக்கா, போன வருஷம் ஃபீஸ் கணக்கில் 300 பவுண்ட் இடிச்சதைச் சொல்லிப் புலம்பிட்டு, அன்னைக்கு ராத்திரியே 60 பவுண்டை அனுப்பிட்டாங்க. அடுத்த மாசத்துக்குள்ள இன்னும் ஒன்பது பேர் அப்படி அனுப்பினா லேப்டாப்பைத் திறப்பேன். இல்லேன்னா அக்கா பணம் திரும்பிப் போயிடும்.